வளர்மதிக்கு வேண்டிய இரண்டு கிலோ

ஜூன் 14, வெள்ளி

வெயில். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்று ரேடியோ சொல்கிறது. எங்கள் ஊர் வாய்க்காலில் இன்னும் நண்டுதான் நடந்து போகிறது. நாங்கள் கடைமடை. காவிரி எங்களை வந்து பார்ப்பதற்குள் எனக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமே முடிந்துவிடும். பெண்தான் இன்னும் அமையவில்லை.

காலை: ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் துடைத்தது. மாலை விவசாயக் கூலிகள் சங்கக் கூட்டம், கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு. ஞாயிறு ஆளுங்கட்சிக் கூட்டம். அதே குழாய், அதே மைக். என் மைக் செட்டுக்குக் கட்சி கிடையாது, தொண்டை மட்டும்தான்.

மத்தியானம்: அக்கா மகள் வளர்மதியோடு (இனி வ.) திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரி. வயது பதினேழு. தஞ்சாவூரில் நர்ஸ் படிக்க இடம் வந்திருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து தஞ்சாவூருக்கு நெல் போயிருக்கிறது, வைக்கோல் போயிருக்கிறது, கோர்ட்டுக்கு ஆள் போயிருக்கிறார்கள். படிக்க ஒருத்தி போவது இதுதான் முதல். உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

டாக்டரம்மா வ.வின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நகம், நாக்கு. பிறகு மெஷினில் ஏற்றினார். முள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் பெரியவர் மாதிரி மெதுவாக நகர்ந்து முப்பத்தாறில் உட்கார்ந்துவிட்டது.

"முப்பத்தெட்டாவது வேணும். ரத்தமும் கம்மி. இப்ப நான் கையெழுத்துப் போட்டா அங்க வார்டுல மயங்கி விழும். ஒரு மாசம் தரேன். ஜூலை பதினஞ்சு வாங்க."

பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை. வெறுங்காலோடு வயலில் நடக்கக்கூடாது, செருப்பு. கீரை, முட்டை, கடலை. கடைசியாக ஒரு கேள்வி:

"வீட்ல இது எப்ப சாப்பிடுது?"

வ. தரையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "மூணு வேளையும் சாப்பிடுதுங்க."

"எத்தனை வேளைன்னு கேக்கல. எப்பன்னு கேட்டேன்."

என்ன வித்தியாசமோ. படித்தவர்கள்.

பஸ்ஸில் எழுந்து நின்று சபதம் செய்தேன். "இரண்டே இரண்டு கிலோ! இந்தக் கோவிந்தராசு நினைத்தால் கொக்கை யானை ஆக்குவான்! யானையைக் கோபுரம் ஆக்குவான்!"

"மாமா, உக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

ஜூன் 15, சனி

உடல் வளர்ப்புத் துறை இன்று காலை அக்கா வீட்டு அடுப்படியில் உதயம். அமைச்சர்: நான். எதிர்க்கட்சி: அக்கா. திட்டம்:

கறுப்பு உளுந்தங்களி, கருப்பட்டி, மேலே குழி பறித்து நல்லெண்ணெய். வாரம் மூன்று நாள்.
முருங்கைக்கீரை. மரம் மொட்டையாகும் வரை.
வேர்க்கடலை. தாவணி முடிச்சில் எப்போதும்.
காலையில் கேழ்வரகுக் கூழ்.
வயல் நண்டு ரசம். பிடிக்கிற பொறுப்பு எனக்கு.
முட்டை. வெள்ளைக்கோழி சம்மதித்தால்.
எள்ளுருண்டை.
எல்லாவற்றையும் சுவை பார்ப்பது: அமைச்சர்.

துவக்க விழாவாக விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் பண்ணலாம் என்றேன். எங்கள் அப்பா காலத்து வைத்தியம்.

"டாக்டரம்மா மாத்திரை குடுத்திருக்காங்க. பேதி போனா இருக்குறதும் போயிடும். உங்க விளக்கெண்ணெய நீங்களே குடிங்க."

"குடிச்சிக் காட்டுறேன் பாரு!"

குடித்துக் காட்டினேன். இரண்டு கரண்டி.

ஜூன் 16, ஞாயிறு

தோப்புக்குப் பதினோரு முறை. ஆளுங்கட்சிப் பேச்சாளர் "தமிழன் எங்கே? தமிழன் எங்கே?" என்று முழங்கியபோது ஒரு தமிழன் தோப்பில் இருந்தான். மைக் கூவென்று ஊளையிட்டது. திருகி நிறுத்த ஆளில்லை.

அக்கா: "அமைச்சரு ராஜினாமாவா?"

வ. மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிக்கவில்லை, ஆனால் தாவணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 19, புதன்

செருப்பு வாங்கியாயிற்று. ரப்பர், நீல வார்.

எடை பார்க்கப் பண்ணையின் ரைஸ்மில். எங்கள் கூலி நெல்லை நாங்கள் எடை போட்டு விற்பதும் அங்கேதான். அதற்குப் பெரிய தெரு வழியாகத்தான் போகவேண்டும். பண்ணையின் காரியக்காரர் வாசலில். வ.வின் காலைப் பார்த்தார்.

"என்னா, செருப்பெல்லாம் தெருவுல நடக்குது?"

வ. கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். "டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்கய்யா. ஒரு மாசம் போடணுமாம். அதுக்கப்பறமும் போடணுமாம்."

வாங்கிப் படித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். "சரி சரி, போ."

நான் வ.வுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நின்றேன் என்று எழுத ஆசை. உண்மை: இரண்டடி பின்வாங்கினேன். இருபது வருடமாக அந்தத் தெருவில் ஒரு கையில் ஆம்ப்ளிபயர், ஒரு கையில் செருப்பு. இன்று என் செருப்பும் காலில்தான் இருந்தது. எப்போது கீழே போட்டேன் என்று ஞாபகமில்லை.

மில்லில் எடை போடும் சிங்காரம் டீக்குப் போயிருந்தார். மூட்டைத் தராசுப் பலகையில் வ. தானே ஏறி, தானே எண் போட்ட கம்பியில் குண்டை நகர்த்தினாள். முப்பத்தாறு. ஆஸ்பத்திரியும் மில்லும் ஒரே பேச்சு. இனி வாரந்தோறும் இங்கேதான்.

ஜூன் 21, வெள்ளி

புழுக்கம். ஒரு மேகம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. நண்டு ரசம், என் வேட்டை. மூன்றாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால், வ. பானைப் பக்கத்தில் உட்கார்ந்து அடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் மச்சான் தட்டு. பிறகு தம்பிகள் இருவர். பிறகு நான், விருந்தாளி என்ற பேரில், தினமும். பிறகு மிச்சம். மிச்சத்தில் பாதி அவள், பாதி அக்கா. காலைக் களியிலும் இரண்டு உருண்டை தம்பிகள் வாய்க்குப் போயிருக்கிறது.

எப்ப சாப்பிடுது.

டாக்டரம்மா கேட்டது இதைத்தான். அமைச்சரே ஊழல்.

ஜூன் 22, சனி

மத்தியானம் மைக் செட்டை அக்கா வீட்டு வாசலில் கட்டினேன். ஒரு குழாய் வீட்டைப் பார்த்து.

"தாய்மார்களே! பெரியோர்களே! இன்று முதல் இந்த வீட்டின் முதல் தட்டு, கடைமடையின் கலங்கரை விளக்கம் வளர்மதி அவர்களுக்கே..."

தெருவே கூடிவிட்டது. மச்சான் துண்டை உதறிக்கொண்டு வந்தார். கூலிப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிற எரிச்சல் வேறு.

"ஏண்டா கோவிந்து, என் வூட்டுல யாருக்கு மொதல்ல போடணும்னு ஊருக்கு மைக்குல சொல்றியா?"

"ஊருக்கு இல்ல மச்சான். குழாய் உங்களப் பாத்துத்தான் இருக்கு."

அடி விழும் என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் உள்ளே போனார். தன் தட்டின் முன்னால் நின்றார். பிறகு அதைக் காலால் இல்லை, குனிந்து கையால் நகர்த்தினார்.

"இந்தா புள்ள, உக்காரு."

"அம்மாவும் உக்காந்தாத்தான்."

அக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். யாருக்கு ஊற்றுவது, யார் ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மச்சான் ஊற்றினார். பாதி தரையில்.

ஜூன் 28, வெள்ளி

வாய்க்காலில் தண்ணீர்! கணுக்கால் அளவு. ஆனால் நடவில்லை. பண்ணை கூலி கூட்ட மறுப்பு, வேலைநிறுத்தம். பம்ப்செட் தண்ணீரில் விட்ட நாற்று வளர்ந்து நிற்கிறது. வீட்டில் கஞ்சிதான், ஆனால் முருங்கை வேலைநிறுத்தம் செய்யவில்லை. நத்தை, நண்டு, கீரை தினமும்.

மில். தலை குளித்துவிட்டு வந்தாள், வெள்ளிக்கிழமை அல்லவா. சிங்காரம் இருந்தார். மூட்டைகளுக்கு நடுவே அவளையும் ஏற்றி, குண்டைத் தட்டி, கம்பியைப் பார்த்து, தள்ளிவிட்டார்.

"முப்பத்தஞ்சரை. அடுத்தது."

அரைக் கிலோ குறைந்திருக்கிறது.

திரும்பும்போது வ. தாவணி முடிச்சிலிருந்த கடலையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே நடந்தாள். எழுத இன்று பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை.

மச்சான் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒடம்பு வாகு அப்படி. என்னா பண்றது. பதினஞ்சாந்தேதி ஆவலன்னா நடவுக்கு வரட்டும்."

வ. களித் தட்டை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள். ஒரு உருண்டை கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து ஆம்ப்ளிபயருக்குள் விழுந்தது. சுவை பார்க்கும் பணியில் ஏற்பட்ட தியாகம்.

வ. நகத்தைக் காட்டினாள். "லேசா செவப்பா இல்ல மாமா?" எனக்குச் செம்பருத்தி மாதிரி தெரிந்தது. ஆனால் என் கண்ணை எப்போது நம்பியிருக்கிறார்கள்.

கிணற்றிலிருந்து இரண்டு குடம் எடுத்தும் மூச்சு வாங்கவில்லையாம். பின் ஏன் எடை குறைகிறது?

ஜூலை 5, வெள்ளி

இன்றைய நாளைத் தங்கத்தில் பொறிக்கவேண்டும். தங்கம் இல்லாததால் பால்பாயிண்ட்.

மில். சிங்காரம்: "முப்பத்தாறு. அடுத்தது."

வ. இறங்கி நகரவில்லை. அடுத்து ஏறிய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்ததையும்.

"அண்ணே, கம்பியில அறுபத்தொண்ணுன்னு இருக்கு. நீங்க அம்பத்தொம்பதரைன்னீங்க."

"சாக்குக்கு ஒண்ணு கழிக்கணும்ல. ஈரத்துக்கு அரை."

"எனக்கு?"

சிங்காரம் தன் கையைப் பார்த்தார், வேறு யாரோ அதை அவர் தோளில் மாட்டிவிட்டுப் போன மாதிரி.

"ஐயய்யோ... கை பழக்கம் புள்ள. முப்பது வருசமா பலகையில ஏறுனது எல்லாத்துக்கும் கழிச்சிக் கழிச்சி... நீ தலைவேற ஈரமா வந்தியா..."

மறுபடி ஏறினாள். குண்டை அவளே நகர்த்தினாள். முப்பத்தேழரை.

ஒன்றரைக் கிலோ! மூன்று வாரத்தில்! நான் மில்லே அதிரும்படி ஒரு கூச்சல் போட்டேன். புறாக்கள் சீர்காழி வரை பறந்திருக்கும்.

மச்சானிடம் சொன்னோம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆனி வெயில்ல பொரிஞ்சி கெடக்குற நெல்லுல ஏதுடா ஈரம்?"

மாலை சங்கக் கூட்டம். என் மைக்கில் மச்சான் முதல்தடவையாகப் பேசினார். ரொம்பக் கிட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு: "எம்பொண்ணு ஒடம்புலயே ஒன்றர கிலோ கழிச்சிட்டானுவ." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு தானாக நின்றது. கோரிக்கையில் ஒரு வரி கூடியது: எடை போடும்போது கம்பியை நம் ஆள் ஒருவர் பார்க்கவேண்டும்.

ஜூலை 11, வியாழன்

தூறல். தாசில்தார் முன்னால் பேசி முடிவு. அரை மரக்கால் கேட்டதில் கால் மரக்கால். கம்பியைப் பார்க்க ஆள்: சரி. நாளை நடவு.

வ. நாற்றுப் பறிக்கக் கிளம்பினாள். மச்சான்: "நீ ஏன் எறங்குற? செருப்ப மாட்டிக்கிட்டுக் கரையில நில்லு. இன்னும் அரைக் கிலோ பாக்கி."

ஜூலை 15, திங்கள்

ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஒரு ராஜதந்திரம் சொன்னேன். பழுதான ஒலிபெருக்கியின் காந்தம், நல்ல கனம், இடுப்பில் செருகித் தாவணியால் மூடினால் யாருக்குத் தெரியும்?

"அவங்க கழிச்சாங்க. நாம கூட்டவா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காந்தத்தோடு நானே மூன்று மணி நேரம். பையிலிருந்த சாவியெல்லாம் அதிலே ஒட்டிக்கொண்டது.

மெஷின். முள் நகர்ந்தது. முப்பத்தேழு. நகர்ந்தது. முப்பத்தெட்டுக்கு ஒரு நூல் இருக்கும்போது நின்றுவிட்டது. காவிரி மாதிரியே, கடைமடைக்கு ஒரு மைல் முன்னால்.

டாக்டரம்மா இமையை இழுத்தார். நகம். நாக்கு. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பேனாவைத் திறந்து, எழுதாமல் கேட்டார்:

"வீட்ல எப்ப சாப்பிடுறே?"

"மொதல்ல சாப்பிடுறேன் டாக்டர். அம்மாவும் கூட உக்காருவாங்க."

கையெழுத்து. "மிச்சத்த தஞ்சாவூர்ல போட்டுக்க. மாத்திரைய நிறுத்தாத."

வ. அழவில்லை. நான்தான்.

அதற்குப்பின் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்களும் ஏறுங்க" என்றார். மெஷின் சொன்ன எண்ணை இங்கே எழுதும் உத்தேசமில்லை.

ஜூலை 17, புதன்

மழை வரும் போல. ஆடி ஒன்று. "ஆடி பொறந்த அன்னிக்கு யாராவது புள்ளைய வூட்ட விட்டு அனுப்புவாங்களா?" என்று அக்கா விடிந்ததிலிருந்து. எள்ளுருண்டை டப்பாவில் அடுக்கிக்கொண்டேதான் சொன்னாள்.

காலை பஸ். பெரிய தெரு வழியாக வ., அக்கா, மச்சான், நான் என்று நால்வரும் நடந்தோம். எட்டுச் செருப்பு. காரியக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

பஸ் நகரும்போது வ. ஜன்னல் வழியாக ஒரு சீட்டைக் கொடுத்தாள். அவள் கையெழுத்து:

மாமாவுக்கு.
களி நிறுத்தம்.
காலை, மாலை வாய்க்கால் கரையில் நடை.
ரசம் ஒரு முறை மட்டும்.
சுவை பார்ப்பது இனி அம்மா.

அமைச்சரவை கலைக்கப்பட்டது.

மத்தியானம். அக்கா கூப்பிடுகிறாள், தட்டுப் போட்டாயிற்றாம். எட்டிப் பார்த்தேன். ஐந்து தட்டு. அக்காவுடையதும் சேர்த்து.