ரேகை விழாதவர்கள்

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கம் மேகம், மழை இல்லை. இன்று கைரேகை முகாம், சமுதாயக் கூடத்தில். எடுத்துப் போக வேண்டியவை: லேப்டாப், ரேகை மிஷின், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஈரத்துணி, சாப்பாடு. சாப்பாட்டை மறந்தேன்.

உப்பளத் தொழிலாளிகளுக்கு மழைக்கால உதவித்தொகை. மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், மூன்று மாதம் வேலை இல்லை, அதற்காக. விரலை வைக்க வேண்டும், ஆதாரோடு பொருந்தினால் பெயர் பட்டியலில் ஏறும். இருபது வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த கையில் ரேகை எங்கே இருக்கும் என்று இதை ஏற்பாடு செய்தவர்கள் யோசிக்கவில்லை. யோசித்துத்தான் செய்தார்களோ என்னவோ.

வரிசை வேப்பமரம் வரை. பத்து விரலும் வைக்கச் சொன்னேன். ஸ்க்ரீனில் பொருந்தவில்லை, பொருந்தவில்லை. ஒவ்வொரு தடவை நான் சொல்லும்போதும் ஏதோ தப்பு பண்ணியவர்கள் மாதிரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்கள் மேல் இல்லை.

அம்மாவும் வந்தாள். விரலெல்லாம் சிவந்து பளபளவென்று இருந்தது. என்னம்மா இது என்றேன்.

"குதிகால் தேய்க்கிற கல்லுல தேய்ச்சேன்டி. சுத்தமா இருந்தா மிஷினு எடுத்துக்கும்ல."

மிச்சம் இருந்த ஒன்றிரண்டு கோட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பத்து விரலும் போச்சு. அடுத்து அஞ்சலை அக்கா. அம்மாவுக்கு ஒரே பாத்தியில் ஜோடி, அப்பா செத்தபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் உலை வைத்தவள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்தாள். மிஷின் கண்ணாடி எல்லாம் எண்ணெய். அவளுக்கும் போச்சு.

தலைவலி. கூடத்தில் ஃபேன் ஓடவில்லை.

செப்டம்பர் 24, புதன்

பஸ் லேட். குடைக் கம்பி உடைந்துவிட்டது, சரி பண்ண வேண்டும்.

ஏ.ம. வந்தார். முழுப்பெயர் எழுத வேண்டாம் என்று பார்த்தேன், யார் படிக்கப் போகிறார்கள், ஏழுமலை. ஆபீசில் அவருக்கு வேலை கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் ஆபீசில் வேலை நடக்காது. எதிர் டீக்கடை பெஞ்சுதான் அவர் சீட். இன்று இரண்டு வேன் நிறைய ஆள் கூட்டி வந்தார். எல்லோரும் உப்பளத் தொழிலாளிகளாம். சான்றிதழ் இருக்கிறது, சீல் இருக்கிறது. ஒருத்தர் செல்போன் கடை வைத்திருக்கிறார், நான் அங்கேதான் ரீசார்ஜ் செய்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு பெண் நகத்தில் பாலிஷ். வைத்ததும் பொருந்தியது. எல்லோருக்கும் முதல் தடவையிலேயே பொருந்தியது. நல்ல விரல்கள்.

எங்கள் ஆபீசர் சார் கூப்பிட்டார்.

"நேத்து விழாத பேரையெல்லாம் எடுத்துடும்மா. எண்ணிக்கை குறையக் கூடாது, இவங்களப் போட்டுக்கோ. திங்கக்கிழம உன் விரல வெச்சு அனுப்பிடு."

பட்டியல் என் லாகினில்தான் இருக்கிறது. என் ரேகை விழுந்தால்தான் மேலே போகும். சாருடைய கையெழுத்து அதில் எங்குமே கிடையாது. மூன்று வருடமாக இதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

கண்ணை வைத்துப் பார்க்கிற மிஷின் போன வருடம் வாங்கினோமே சார், ரேகை விழாதவர்களுக்கு அதை வைக்கலாமே என்றேன்.

"வாங்கினோம்மா" என்றார். அவ்வளவுதான்.

பீரோவில் அதன் பில் இருக்கிறது. மிஷினை யாரும் பார்த்ததில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

விழாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்று இன்று ஆபீசிலேயே வைத்தார்கள். கேட்டால் காட்டுவதற்கு. காலையிலிருந்து அதே கதை. அஞ்சலை அக்காவுக்குப் பத்தும் இல்லை. எண்ணெய் இன்று தடவவில்லை, பயபக்தியோடு கையை நீட்டினாள், இல்லை.

அம்மா மூன்று நாளாகக் கல்லில் தேய்த்திருக்கிறாள். சொல்லிப் பார்த்தேன், கேட்டால்தானே. வைத்தாள். பொருந்தவில்லை என்று ஸ்க்ரீனில் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற சார், "ஆயிடுச்சு, நீங்க போங்கம்மா" என்றார். அம்மா கும்பிட்டாள்.

அம்மா போனதும் என்னிடம், "உங்க அம்மா பேரு இருக்கட்டும். ஆபீசர் கையால சரிபார்த்ததுன்னு ஒரு கட்டம் இருக்குதில்ல, அதுல போடு. உனக்காக."

அந்தக் கட்டத்தில் எல்லோரையுமே போடலாம் சார், எல்லோரும் நிஜமான ஆட்கள்தானே என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு எவ்ளோ இறக்கினேன் தெரியுமா? கடன்மா. பொண்ணு காலேஜ் சீட்டு வேற. நான் எங்கேர்ந்து எடுக்கறது, சொல்லு." பஸ் டிக்கெட் விலையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெட்கமே இல்லை. பிறகு, "நீ மட்டும் சும்மாவா வந்த?"

சும்மா வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன். இந்த வேலைக்கு அம்மாவின் தோடு போனது, ரோட்டோரம் இருந்த மனையின் பத்திரம் இன்னும் ஏ.ம.விடம் இருக்கிறது. அக்டோபரில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிப்பதும் அவர் சொன்னால்தான். போன இரண்டு வருடத்துப் பட்டியலும் என் விரலில்தான் போயிருக்கிறது, அதில் யார் யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. புகார் என்று யாராவது போனால் முதலில் பிடிபடுவது நான். சாருடைய பெயர் எங்கே இருக்கிறது?

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள்:

சார், மேலே, மாற்றலுக்கு.

உப்பள முதலாளி, குத்தகையைப் புதுப்பிக்க. அதை அம்மாவின் கூலியில் பிடிக்கிறார்.

உப்பளத்துக்கு ரோடு போட்ட காண்ட்ராக்டர். கொடுத்ததில் ஜல்லி போய்விட்டது, வெறும் மண்தான். ஒரு தூறல் போட்டால் லாரி உள்ளே வராது. வியாபாரி விலையைக் குறைக்கிறான். அதுவும் கூலியில்தான்.

நான், ஏ.ம.வுக்கு.

எல்லோரும் விட்டதைத்தான் எடுக்கிறார்கள். யாருக்கும் தான் திருடுவதாகவே தோன்றவில்லை, எனக்கும் இன்று வரை தோன்றவில்லை. அம்மா யாரிடம் எடுப்பாள்? அவளுக்குக் கீழே உப்புதான் இருக்கிறது. கீழ்புத்துப்பட்டு தாண்டி பஸ் ரொம்ப நேரம் நின்றது, டயர் பஞ்சராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

மழை வருவதற்குள் கடைசி உப்பை வாரிவிட வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்துகிறார். அம்மாவுக்கு இடுப்பு வலி. அவளுக்குப் பதில் நான் வாருகிறேன் என்று போனேன். அம்மாவும் கூடவே வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆபீசரம்மா வர்றாங்க, யாராவது குடை புடிங்கடி" என்றாள் அஞ்சலை அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கூல் லீவில் வாரியது, கைக்கு மறக்கவில்லை. பலகையால் இழுத்துக் குவிக்க வேண்டும், கூடையில் அள்ளி வரப்பில் கொட்ட வேண்டும். வெயில் கீழே இருந்தும் அடிக்கிறது. கண் கூசியது.

கூடை மாற்றும்போது அஞ்சலை அக்கா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏன் ஸ்டெல்லா, எனக்கு ரெண்டு வாட்டியும் எடுக்கலயே. இன்னொரு கேம்ப் போடுவாங்களா?"

"பாக்கறேன்க்கா."

"போன மழைக்கு அரிசிக்கே தவிச்சுப் போயிட்டோம்டி. உனக்குத் தெரியாததா." கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நீதானே கம்ப்யூட்டரில் இருக்கிறாய் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன் பிறகு பலகையை விட்டுவிட்டு வெறும் கையால் அள்ளினேன். பாத்தியின் தரையில் உப்பு கெட்டியாக இருக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தேன். இரண்டு கையும். தோல் உரிந்து உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போய்விட்டது. வேண்டுமென்றே செய்தேனா என்று எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மேகம் கறுத்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சாப்பிடவில்லை.

பதினோரு மணிக்கு சார் பக்கத்தில் வந்து நின்றார். பட்டியல் தயார். வலது கட்டைவிரலை வைத்தேன். பொருந்தவில்லை. துடைத்து மறுபடி வைத்தேன். பொருந்தவில்லை. இடது கட்டைவிரல். இல்லை. மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை நாள் மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தையை எனக்கே சொன்னேன். "பொருந்தல சார்."

அவர் என் கையைப் பார்த்தார். ப்யூனைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார்.

"பத்து விரல் இருக்குதில்ல. நிதானமா வை."

வலது ஆள்காட்டி. இல்லை. நடுவிரல், அதையும் உப்பு தின்றிருந்தது. டீ வந்தது. ஏ.ம. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சார் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். பத்திரம், காண்ட்ராக்ட், பழைய பட்டியல்கள். அம்மா கும்பிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

இடது சுண்டுவிரலை மிஷின் எடுத்துக்கொண்டது. ஒரு நாள் உப்பள வேலையில் சுண்டுவிரல் வரை தேயாது. அதற்கு அஞ்சலை அக்கா மாதிரி இருபது வருடம் வேண்டும்.

பட்டியல் போய்விட்டது. அம்மா பெயர் இருக்கிறது. அஞ்சலை அக்கா பெயர் இருந்த எண்ணில் செல்போன் கடைக்காரர்.

"டீ ஆறுது பாரும்மா" என்றார் சார். குடித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

விடியற்காலை தூறல், இப்போது விட்டிருக்கிறது. உப்பளத்தில் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ் வரும்வரை ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். குடை இன்னும் சரி பண்ணவில்லை.

நேற்று வீட்டுக்குப் போனதும் உன் பேர் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் வாயை நான் மறந்துவிட்டேன். காலையில் கிளம்பும்போது தெருக்குழாய் அருகே அஞ்சலை அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் எங்கள் வீட்டுக் கல், அம்மாவுடையது. ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலில் ரத்தம்.

"உங்க அம்மா சொல்லிச்சு. அதுக்கு இப்படித்தான் எடுத்துக்கிச்சாமே. நான்தான் எண்ணெயத் தடவிக்கினு கெடுத்துட்டேன்."

போதும் அக்கா, விடுங்க என்றேன். கல்லை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. சிரித்தாள். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள், நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. பார்த்தேன். அடுத்த கேம்ப் எப்போது என்று கேட்டாள்.

சொல்றேன்க்கா என்றேன்.

"அப்ப நீ சொல்ற வரைக்கும் தேய்ச்சுக்கினே இருக்கேன்" என்றாள்.