சிக்டூனாவில் ஒரு பாம்புக் கல்

ஏப்ரல் 28, 1963. கொட்டகலை

பயணப் பத்திரம் ஒருவழியாக வந்துவிட்டது. எந்த நாட்டவர் என்று கேட்ட இடத்தில் அத்தைக்கும் எனக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இலங்கையில் பிறந்து, இங்கேயே தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, எந்த நாடும் இல்லை என்று ஒரு கோடு. போகட்டும்.

சுவீடன் தொழிற்சங்கத்தார் அழைத்தது அத்தையைத்தான். எங்கள் சங்கத்தின் மாதர் தலைவி அம்மாக்கண்ணு, என் மாமியார். சிக்டூனா என்று ஓர் ஏரிக்கரை ஊர், அங்கே மூன்று வாரப் பயிற்சி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே மொழிபெயர்க்க நான். மாமியாரோடு ஒரே அறையில் மூன்று வாரம் – யாருக்கு வந்த யோசனையோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

மே 3

பூண்டுலோயாவில் பெண் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். யாருக்கு? என் வீட்டுக்காரருக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, ஆகவே இரண்டாவது தாரம். இவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அம்மா சொல்றாங்க" என்றார். கணக்கப்பிள்ளை சின்னராசா. ஒரு மலை ஆட்களையே வேலை வாங்குகிறவர். அம்மா சொல்றாங்களாம்.

சுவீடன் போய் வந்த பிறகு பரிசம் போடலாம் என்று அத்தை முடிவு சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் எங்கே போவது? தலவாக்கலையில் அண்ணன் வீட்டில் அண்ணன் பிள்ளைகளுக்கே படுக்க இடமில்லை.

மே 20. சிக்டூனா

ஆயிரம் வருஷத்துப் பழைய ஊராம். கப்பலேறிக் கொள்ளையும் வியாபாரமும் செய்து திரிந்த வைக்கிங் என்கிற கூட்டத்தாரின் காலத்தில் ஓர் அரசன் உண்டாக்கியதாம். பழம்பொருள் காட்சிசாலையைப் பார்த்துக்கொள்ளும் குன்னார் என்ற பெரியவர் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். நீளமாக ஒரே தெரு, மர வீடுகள், கூரை போன தேவாலயங்கள், கீழே பெரிய ஏரி. எனக்குப் பிடித்திருந்தது. ஐந்து நிமிஷம் நிம்மதியாகப் பார்க்க விட்டால்தானே.

"கொட்டகலைக் கடைவீதியவிடச் சின்னதா இருக்கு. இதுக்கா ஏரோப்ளேன்ல வந்தோம்?" என்றார் அத்தை. அம்மா என்ன சொல்கிறார் என்று குன்னார் ஆசையாகக் கேட்டார். ஊர் ரொம்ப அழகு என்கிறார் என்றேன்.

மே 22

மீனைச் சமைக்காமல் காடியில் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். அத்தை ரொட்டியும் சீனியும் மட்டும் தின்கிறார். அதற்கும் நான்தான் காரணம் போல என்னை முறைக்கிறார்.

மே 24

இன்று கூட்டம். தோட்டத்துப் பெண்களின் கஷ்டம் என்ன என்று அத்தையிடம் கேட்டார்கள். நாள் கூலியான பெயர்ச் சம்பளத்தைச் சொல்வார், குடும்பமே அடைந்து கிடக்கும் லயத்து அறைகளைச் சொல்வார் என்று நான் காத்திருக்கிறேன். அத்தை எழுந்து என்னைக் கைகாட்டி, "இந்தப் புள்ளைக்கு ஒம்பது வருசமா வயித்துல ஒண்ணும் தங்கல. இங்க நல்ல டாக்டரு இருக்காங்களான்னு கேளு" என்றார்.

மண்டபமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னத்தைச் சொல்ல? எங்கள் தோட்டங்களில் பிரசவத்துக்கு வசதி போதாது, மருத்துவச்சி வந்து சேர நேரமாகிறது என்று சொன்னேன். பொய்யில்லையே. எல்லாரும் கைதட்டினார்கள். நம் மேல் எவ்வளவு அக்கறை பார் என்று அத்தைக்கு ஒரே சந்தோஷம். கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே 27

புதுத் தலைவலி. இந்த ஊரில் அங்கங்கே ஆளுயரக் கற்கள் நிற்கின்றன. வைக்கிங் காலத்தில் செத்தவர்களை நினைத்து நிறுத்தியவை. கல்லைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு பாம்பு, அதன் உடம்புக்குள் எழுத்து. எழுத்து தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள். அத்தை ஒரு கல்லின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாகம்மா. குங்குமம்கூட வச்சிருக்காங்க."

சாயம் அத்தை, சும்மா அலங்காரம், சாமி இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். பாம்பா இல்லையா, அதைச் சொல் என்றார். பாம்புதான். என்ன செய்ய?

மே 30

குன்னார் வந்தார். கல்லின் மேல் யாரோ பால் ஊற்றுகிறார்கள், மஞ்சள் பொடி தடவுகிறார்கள், கறை போகமாட்டேன் என்கிறது என்று ரொம்பப் பணிவாகச் சொன்னார். யாரோவாம். அவருக்குத் தெரியாதா? மஞ்சள் எங்கள் பெட்டியிலிருந்து போனதுதான். மன்னிப்புக் கேட்டேன். அத்தையிடம் கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினார்.

ஜூன் 2

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

காலையில் அத்தையைக் காணோம், பால் போத்தலையும் காணோம். தெருவில் ஓடினேன். கல்லின் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் யாருக்குத் தமிழ் தெரியும் என்ற தைரியம். பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது.

"நாகம்மா, அவ மேல குத்தமில்ல. எம்மகனுக்குப் பதினாறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து கீழ எறங்கிருச்சு. இவனுக்குப் புள்ள பொறக்காதுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா அப்பவே சொன்னாரு. அத மறைச்சுத்தான் இவளக் கட்டி வச்சேன். அவனுக்கே தெரியாது. நீ பாத்து ஒரு புள்ளயக் குடு."

ஒன்பது வருஷம்! வெள்ளிக்கிழமை தவறாத விரதம், மண் சோறு, குடலைப் பிடுங்குகிற கசாயம் – எல்லாம் எனக்கு. தெரிஞ்சுகிட்டே ஊத்திக் குடுத்திருக்காங்க. தெரிஞ்சுகிட்டே இன்னொருத்தியப் பாத்துட்டு வந்திருக்காங்க. இவங்க மனுசிதானா?

"இதக் கல்லுகிட்டச் சொன்னாப் பத்தாது அத்தை. பூண்டுலோயாக்காரங்ககிட்டச் சொல்லணும். அவர்கிட்டயும் சொல்லணும்" என்றேன். திரும்பிப் பார்த்தவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பறம் எம்மகன் காலைல பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப ஆளுக முன்னால தலை நிமிந்து நிக்க முடியுமா?"

"நான் பீலிக்கரையில தண்ணி பிடிக்கப் போனா, பொம்பளைங்க முன்னால தலை நிமிந்தா நின்னேன்?"

கல்லில் வழிந்த பாலை நான்தான் முந்தானையால் துடைத்தேன்.

ஜூன் 3

ஒரே அறை, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

ஜூன் 9

நாளை கிளம்புகிறோம். ஒரு வாரம் கழித்து அத்தை வாய் திறந்தார். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று குன்னாரிடம் கேட்கச் சொன்னார். கப்பலில் போய்த் திரும்பி வராத மகனுக்காக ஒரு தாய் நிறுத்திய கல் என்றார் அவர். அவளுக்கு வேறு மகன் உண்டா என்று அத்தை கேட்டார். குன்னாருக்குத் தெரியவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் தீரவில்லை எனக்கு. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அது இன்னும் எரிச்சல்.

ஜூன் 20. கொட்டகலை

ஊர் எப்படி என்று இவர் கேட்டார். குளிர் என்றார் அத்தை. அதோடு சரி. அடுத்த புதன்கிழமை பெண் வீட்டார் வருகிறார்களாம். நான் வடை சுட வேண்டுமாம்.

நானே சொல்லிவிடலாம். மலடி பொறாமையில் பழி போடுகிறாள் என்பார்கள். அத்தை வாயால் வந்தால்தான் உண்டு.

ஜூன் 26

வடை சுட்டேன். வேறென்ன செய்ய?

பெண்ணின் அப்பா ஆண்டியப்பன் தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினார். அத்தை வாங்கவில்லை. அதை அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

"கொறை எம்மகன்கிட்டத்தான். எம்மருமக பூரணிகிட்ட இல்ல. தெரிஞ்சே ஒரு புள்ளயக் கெடுத்தேன், ஒங்க புள்ளயும் கெட வேணாம்."

பிறகு நோய் வந்த கதையைச் சொன்னார், டிஸ்பென்சர் சொன்னதையும் சொன்னார். ஆண்டியப்பன் தட்டோடு எழுந்து போய்விட்டார். வாசலில் நின்ற பெண்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். இவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக்கூடப் போடாமல் மலைப் பக்கம் நடந்தார். இருட்டும் முன்னே திரும்பி வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஜூன் 27

காலையில் இவர் பெரட்டுக்குப் போகவில்லை. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். கதவடியில் வந்து நின்றார்.

"பூரணி, நீ என்னைய விட்டுட்டுப் போயிருவியா?"

ஒன்பது வருஷமாக நான் இவரிடம் கேட்கப் பயந்த கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் சொல்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.