சிவப்பு ஸ்வெட்டர் போட்டவனின் மனைவி

நவம்பர் 14

காலையில் கிராண்ட் ஹோட்டலிலிருந்து ஒரு பெண் வந்தாள். நதாலி ஹூர்லிமான் என்று பெயர், ஜூரிக் நகரத்துக்காரி. ஹோட்டலின் நூற்று முப்பதாவது ஆண்டு விழா பிப்ரவரியில் வருகிறதாம், அதற்காக இவளை வரவழைத்திருக்கிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பிற்பகல்களில் ஜாச்சென் அங்கே வந்து கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார வேண்டும். பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. எங்கள் ஊர் சுர்லவினாவில் அந்த ஸ்வெட்டர் போட்ட அந்தக் காலத்துப் பனிச்சறுக்கு ஆசிரியர்களில் உயிரோடிருப்பது இவர் ஒருவர்தான்.

"உங்க வீட்டுக்காரர் நடமாடுற வரலாறும்மா" என்றாள்.

நடமாடுவதுதான் தொல்லையே. போன வாரம் காலில் செருப்புகூட இல்லாமல் பேருந்து நிறுத்தம் வரை நடமாடியிருக்கிறார். பழசெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, காலையில் குடித்த காபி நினைவில்லை என்று சொன்னேன்.

"எங்களுக்குப் பழசுதானே வேணும்!"

சரி என்றேன். கார் அனுப்புவார்களாம். அந்த நேரம் நான் கொஞ்சம் கண்ணை மூடலாம். வேறு காரணம் எதுவும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் பெருமைக்காகத்தான் சம்மதித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. நானும் சொல்லிக்கொள்ளக்கூடாது.

நவம்பர் 16

ஸ்வெட்டரைப் பூச்சி அரித்திருந்தது. உட்கார்ந்து தைத்தேன். தைத்து முடித்தபின் நதாலி ஃபோன் செய்கிறாள்: பழசு மாதிரியே புதுசு ஒன்று பின்னச் சொல்லிவிட்டார்களாம்.

டிசம்பர் 3

முதல் நாள் என்பதால் நானும் கூடப் போனேன். முன்வாசல் வழியாக.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு குளிர்காலம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். முன்வாசலை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. சலவைப் பெண்களுக்கு வடக்குப் பக்கம், கரி கொட்டுகிற துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு. விருந்தாளிகள் கண்ணில் நாங்கள் படக்கூடாது. வெள்ளை விரிப்பு வெள்ளையாகத்தான் பிறந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுழல் கதவில் என் கைப்பை மாட்டிக்கொண்டது. சீருடைப் பையன்கள் ஓடி வந்தார்கள். ஜாச்சென் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகக் கணப்படுப்புக்குப் போய் உட்கார்ந்தார். எண்பத்தொரு வயது. வீட்டில் சட்டைப் பொத்தான் நான் போட்டுவிட வேண்டும். அங்கே ராஜா.

டிசம்பர் 11

நதாலி அச்சடித்த வரலாற்றுப் புத்தகத்தைக் கொடுத்தாள். வழவழ தாள். வெனிஸில் கேக் கடை வைத்துச் சம்பாதித்தவர் ஊர் திரும்பி ஹோட்டலைக் கட்டினாராம். "தூய காற்றைத் தேடி ஐரோப்பாவின் முதல் குடும்பங்கள் இங்கே வந்தன."

இருமுவதற்குத்தான் வந்தார்கள். காசநோய்க்காரர்கள். என் அம்மாவின் சித்தி அவர்களுடைய கைக்குட்டைகளைக் கொதிக்க வைத்தே செத்தவள், அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு சறுக்குப் பலகையோடு திடகாத்திரமானவர்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து மேஜையில் யாராவது இருமினால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருமுகிறவர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகாதவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்தார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு? காற்று இருக்கிறது, போதும்.

டிசம்பர் 20

சாயங்காலம் சூப் கொடுத்தேன். கரண்டியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ லாண்டரில வேலை பாக்குற பொண்ணுதானே?"

சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பின்படி வழியா மேல போவியே, ஒரு சேதி சொல்லிடும்மா. நாலாவது மாடி, சொலாஞ்ச் மேடம்கிட்ட. காலையில பாதை கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் ஏறினதுக்கப்புறம் வந்தாப் போதும்னு சொல்லு. மேல் குடிசையில இருப்பேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சூப்பைக் குடித்து முடித்தார். நன்றாக இருந்ததாம்.

டிசம்பர் 21

சொலாஞ்ச். பிரஸ்ஸல்ஸ்காரி, கண்ணாடித் தொழிற்சாலை முதலாளியின் மனைவி. ஒவ்வொரு பிப்ரவரியும் வருவாள். புருஷன் சீட்டாடுவான், அவள் சறுக்குவாள். ஆசிரியர் எப்போதும் ஜாச்சென்தான்.

எனக்குத் தெரியாதா? சிவப்பு ஸ்வெட்டர் போட்ட எல்லோரையும் பற்றி ஊரில் பேச்சு உண்டு. அது வேலையோடு வருவது என்று பெரியவர்களே சிரிப்பார்கள். என் ஆள் அப்படி இல்லை என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 6

இன்று முழுவதும் பேசினான். (அவர் என்று எழுதக் கை வரவில்லை.)

உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். அடுப்படி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் மினுக்கம். லாண்டரிப் பெண்ணிடம் மனசு விட்டுப் பேசுகிறான்.

"பிரஸ்ஸல்ஸுக்கே வந்துடறேன்னு சொன்னேன். அவ சிரிச்சா தெரியுமா? அங்க வந்து எதுல சறுக்குவேன்னு கேட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கீழ்த் தெருவுல ஒருத்தி இருக்கா, மெங்கியான்னு. அவளையே கட்டிக்கலாம்னு இருக்கேன்."

என் பெயரைக் கேட்டதும் துருவியில் விரல் பட்டுவிட்டது.

"ஏன் அவளை?"

"நல்ல பொண்ணு. வாயைத் தொறக்க மாட்டா. எங்கயும் போகவும் மாட்டா." சொல்லிவிட்டு, மாடு வாங்கி வந்தவன் மாதிரி தொடையைத் தட்டிக்கொண்டான். "குளிர்காலத்துல நான் எங்க இருக்கேன், என்ன பண்றேன்னு ஒருத்தி நோண்டிக்கிட்டே இருந்தா இந்தத் தொழில்ல குப்பை கொட்ட முடியுமா சொல்லு?"

"சொலாஞ்ச் விஷயம் அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதான். அம்பத்து மூணு வருஷம்டா பாவி. உன் முட்டி உடைஞ்சு கிடந்தப்ப பீ மூத்திரம் அள்ளினேனே. ரெண்டும் ஒண்ணுதானா?

கிழங்கை வெண்ணெயில் வறுத்தேன். ஆப்பிள் கூழோடு தட்டில் வைத்தேன். அவன் சாப்பிட்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஜனவரி 9

பார்ப்லாவைப் பார்க்கப் போனேன். சலவைக்கூடத்தில் என்னோடு இருந்தவர்களில் மிச்சம் இவள்தான். பள்ளத்தாக்கில் குடியிருக்கிறாள். இங்கே எங்கள் தெருவில் விளக்கு எரிவது இரண்டே வீட்டில். மற்றவையெல்லாம் வருஷத்தில் ஒரு வாரம் வருகிறவர்களுடையவை.

சொன்னேன். கேட்டுவிட்டு, "இந்த வயசுல பொறாமையாடி உனக்கு?" என்றாள்.

"பொறாமை இல்லை. அசிங்கமா இருக்கு. அவளோட விரிப்பையெல்லாம் இந்தக் கையாலதானே துவைச்சேன்."

பார்ப்லா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு: "நீ துவைக்கல மெங்கியா."

"என்ன?"

"நாலாவது மாடி மூட்டை வந்தா நாங்க மாத்தி எடுத்துப்போம். ஒருநாள்கூட உன் தொட்டிக்கு வர விட்டதில்ல. பெரியம்மாதான் சொல்லி வச்சிருந்தாங்க."

பெரியம்மா என்பது சலவைக்கூடத்துத் தலைவி. எங்களைக் கரண்டியால் அடிப்பாள்.

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கொதிகலன் ஆவியில் முகம் தெரியாமல் நின்றுகொண்டு, என் தலைக்கு மேலே மூட்டைகளைக் கைமாற்றியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்புதான். தெரிகிறது. அன்பாக இருந்தால் என்ன, அத்தனை பேரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறார்கள்! நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு வேறு துவைப்பேன்.

"பாவம்னு நெனைச்சீங்களாடி?"

"ஆமா. பாவம்னுதான் நெனைச்சோம். அதுல என்ன தப்பு?" அவளும் அழுதாள், கிழவி.

மஞ்சள் பேருந்தில் திரும்பினேன். அந்தப் பிரஸ்ஸல்ஸ்காரியைவிட இவர்கள்மேல் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

ஜனவரி 10

பனி. நாள் முழுக்க.

ஜனவரி 24

நதாலி ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். விழாவன்று முகப்புக் கூடத்தில் சுவர் அளவுக்கு மாட்டப்போகிறார்களாம். மேஜைமேல் விரித்தாள். மேல் குடிசை வாசல். வெயில். ஜாச்சென் பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் அந்தப் பிரஸ்ஸல்ஸ்காரி, தொப்பியைக் கழற்றிய கையோடு, தலைமுடி காற்றில் பறக்க.

"எவ்வளவு அழகா இருந்திருக்கீங்க நீங்க!" என்றாள் நதாலி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவளும் கூடச் சிரித்தாள், பாவம், ஏன் என்று தெரியாமலே.

"அது நான் இல்ல. அவங்க விருந்தாளி. நான் அப்ப கீழ, கொதிகலன் பக்கத்துல."

முகம் சிவந்துபோயிற்று. மன்னிப்பு மேல் மன்னிப்பு. பிறகு சட்டென்று இன்னொரு யோசனை: சலவைக்கூடத்துப் படம் ஏதாவது இருக்கிறதா, மாட்டலாமே? இல்லை. எங்களை யார் படம் எடுத்தார்கள்? அப்படியானால் விழாவன்று நான் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, துணிக்கூடையோடு ஜாச்செனுக்குப் பக்கத்தில் நிற்கலாமே—

"உங்களுக்கும் ஒரு கௌரவமா இருக்கும்மா."

"நான் வரலை."

"யோசிச்சு—"

"வரலைன்னு சொன்னேனே."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். சுருட்டும்போது அவன் எழுந்து வந்தான். பார்த்தான். படத்தைக் காட்டி என்னிடம் கேட்கிறான்: "சேதி சொன்னியா?"

பிப்ரவரி 15

விழா. எங்கள் பெண் லதீனா கூர் நகரத்திலிருந்து லீவு போட்டு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதுகுவலி என்றேன். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாத்தினாலும் பாண்டு வாத்தியம் கேட்டது.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. புது ஸ்வெட்டரில் சாக்லேட் கறை.

லதீனா என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள். மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். மேலாளர் மைக்கை நீட்டியிருக்கிறார். இவன் மைக்கைப் பார்க்கவில்லை, பின்னால் மாட்டியிருந்த படத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தேடியிருக்கிறான். "அந்த லாண்டரிப் பொண்ணு எங்க? அவ வரட்டும். அவ வந்தாத்தான் உக்காருவேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டானாம். விருந்தாளிகள் அதையும் ஃபோனில் பிடித்தார்களாம்.

"அம்மா, இத்தனை வருஷத்துக்கப்புறமும் அப்பா உன்னையேதாம்மா தேடறாரு." அவள் கண் நிறைந்துவிட்டது.

ஆமாம், என்னையேதான். சேதி கொண்டுபோக ஆள் வேண்டாமா?

அவளிடம் சொல்லவில்லை. அவளாவது வைத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 19

இனிமேல் கார் வராது. புது ஸ்வெட்டரையும் ஆள் விட்டு வாங்கிக்கொண்டார்கள். "அவருக்குச் சிரமம் தரக்கூடாதுன்னு" என்றாள் நதாலி, ஃபோனில், ரொம்ப இனிமையாக.

ரொட்டி வாங்கப் போனபோது ஹோட்டல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கணப்படுப்புப் பக்கத்தில் வேறொருவன், நரைத்த மீசையோடு. ஜூரிக்கிலிருந்து நாடக நடிகனாம், ரொட்டிக்கடையில் சொன்னார்கள். ஸ்வெட்டர் அதேதான். கறையைப் போக்கிவிட்டார்கள். நல்ல சலவை.

மார்ச் 2

மறுபடி செருப்பில்லாமல் போய்விட்டான். இந்தத் தடவை மேலே, மலையேறும் கம்பிவண்டி நிலையத்துக்கு. கால் விரல்கள் கறுத்துவிட்டன. மருத்துவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மார்ச் 9

பள்ளத்தாக்கு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டோம். சுர்லவினாவில் அப்படி ஓர் இடம் கிடையாது. இங்கே யாரும் கிழமாவதில்லை.

அறை நன்றாக இருக்கிறது. அவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "பணியாளர் அறையா? சின்னதா இருக்கே" என்றான்.

மார்ச் 17

வீட்டில் சத்தம் இல்லை. பழைய ஸ்வெட்டரை, நான் தைத்ததை, துணிப்பெட்டியில் போட்டேன், ஏழைகளுக்குப் போகிற பெட்டியில். இந்த ஊரில் அது யாருக்குப் போகும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4

பருவம் முடிந்துவிட்டது. ஹோட்டலில் ஷட்டர் இறக்கிவிட்டார்கள். சாலையோரப் பனி அழுக்குக் குவியலாகக் கரைகிறது.

மத்தியானம் இல்லத்துக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், சவரம் செய்து, தலைவாரி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மெங்கியாகிட்ட ஆள் விட்டிருந்தேன். கட்டிக்கிறேன்னு. உனக்கு அவளைத் தெரியுமில்ல? என்ன சொன்னா?"

ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கைக்குள் அவன் கை. இரண்டிலும் தோல் சுருங்கி ஒன்றுபோல இருந்தது.

"வேண்டாம்னு சொல்லிட்டா" என்றேன்.

"வேண்டாமா?"

"ஆமா. நல்லா யோசிச்சுத்தான் சொன்னா."

முகம் விழுந்துவிட்டது. நிஜமாகவே விழுந்தது. எனக்கு உள்ளே எங்கேயோ ஒன்று இளகி, உடனே இறுகிற்று. மாற்றிச் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். தலை முதல் கால் வரை, சந்தையில் பார்ப்பது மாதிரி.

"சரி விடு. நீ? நீ என்னைக் கட்டிக்கிறியா?"

சிரித்தேன். நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவனும் சிரித்தான், பல் தெரிய.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு ஜாச்சென்" என்றேன். கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு வந்தேன்.

பேருந்தில் கூட்டமே இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.