தறியை நிறுத்தச் சொன்னேன், அக்கா

என் செல்ல அக்காவுக்கு,

உன்னைக் கொண்டுபோன அந்தக் கொள்ளைக் காய்ச்சலுக்குப் பிறகு, இந்த வருஷம் எடப்பாடிப் பக்கம் வேறொரு இருமல் காய்ச்சல் பரவியது. அவ்வளவு கொடியதில்லை என்றார்கள். ஆனாலும் எனக்குப் பயம்தான். நீ தறி ஓட்டிய அதே பட்டறையில்தான் உன் மகள் கௌரி இப்போது வேலை பார்க்கிறாள். கொஞ்ச நாள் லீவு போடு என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

"காய்ச்சலுக்குக் கணக்குப் போடறியா? மருந்து குடுக்க மாட்டியா?" என்று சிரிப்பாயே, சேலத்துக் கல்லூரியில் எனக்கு இன்னும் அதே வேலைதான். நோய் கண்ட ஒருவர் எத்தனை பேரோடு நெருங்கிப் பழகுகிறார், அவர்களில் எத்தனை பேருக்குத் தொற்றும், எவ்வளவு நாள் தொற்றும். இவற்றைச் சமன்பாடுகளில் போட்டால் நோய் எப்படி ஏறும், எப்போது இறங்கும் என்று ஓரளவு சொல்லலாம்.

இந்த முறை கௌரிக்காகவே போட்டேன். வீடு, பஸ், டீக்கடை, சந்தை என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். அப்படியும் பட்டறைகளில் மட்டும் காய்ச்சல் என் கணக்கை மிஞ்சி ஓடியது. தறிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே, பிறகு ஏன்?

நேரில் போய்ப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கௌரியிடம் ஏதோ கேட்டேன். அவள் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, என் காதில் வாயை வைத்து, "என்னுங்க சித்தி?" என்று கத்தினாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. சுற்றிலும் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நீ அப்படித்தானே பேசுவாய்? "நான் என்ன செவிடா?" என்று உன்னைத் தள்ளிவிடுவேனே. உனக்கும் அப்படித்தான் தொற்றியதா, அக்கா? அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அந்த நெருக்கத்தையும் சேர்த்தபோது கணக்கு நடப்போடு ஒத்துப்போனது. முதலாளியைப் போய்ப் பார்த்தேன். ஷிப்ட் மாறும்போது கொஞ்ச நேரம் தறிகளை நிறுத்துங்கள், காதில் கத்தாமல் பேச வேண்டியதை வெளியே தள்ளி நின்று பேசட்டும் என்றேன்.

"தறி நின்னா கட்டுப்படியாகாதுங்க. உங்க கணக்கு நெசந்தானுங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா எங்கக்கா இங்கதானுங்க தறி ஓட்டுனா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "காய்ச்சல் அடங்கற வரைக்கும் ஷிப்ட் மாறறப்ப நிறுத்தறேனுங்க" என்றார். சொன்னபடியே செய்தார்.

காய்ச்சல் வந்துதான் போனது, நான் பயந்த அளவுக்கு இல்லை. கௌரிக்கு வரவில்லை. தறிகளை நிறுத்தியதால்தானா? எனக்குத் தெரியாது. எத்தனை பேர் தப்பியிருக்கலாம் என்று கணக்கு சொல்லும், யார் யார் என்று சொல்லாது. போனவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தப்பியவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது.

போன வாரம் சாப்பிட வந்த கௌரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊரையே பயமுறுத்துனீங்களே சித்தி, எனக்கு ஒரு தும்மல்கூட வரலீங்களே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

அடுத்த காய்ச்சலுக்கும் முதலாளி முன்னால் போய் நிற்பேன், அக்கா. அவள் என்னைக் கேலி செய்துகொண்டே கிழவியாகட்டும்.

உன் கௌரிக்குச் சித்தியாக இருக்கும்,
உன் தங்கை மல்லிகா