அழைப்பு மணி அடித்தவரைக் காக்க வைத்த செவிலியர் மீதான நடவடிக்கையை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
முதியோர் இல்லத்தின் முதல் தளம், அறை எண் ஒன்றில் தங்கியிருப்பவரின் மூத்த மகன்.

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர், முதியோர் இல்லங்கள் பிரிவு.

பொருள்: தொற்றுக் காலப் பணி – மூத்த செவிலியர் பணியிடை நீக்கம் – ஆட்சேபம் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

என் குறைகளை முதலில் வரிசைப்படுத்தி விடுகிறேன்.

1. மே 4: முதல் தளத்தின் மூத்த செவிலியர் "குடும்பத்தினரின் புகாரின்பேரில்" பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தக் குடும்பம் எங்களுடையதாம். நாங்கள் புகார் எதுவும் தரவில்லை. தொற்று பரவத் தொடங்கிய வாரத்தில் என் தந்தை மேலாளரிடம் தொலைபேசியில் முணுமுணுத்ததைப் புகாராக்கியிருக்கிறார்கள்.

2. மே 6: அவருக்குக் குற்றப்பத்திரிகை கொடுக்கப்பட்டது. குற்றச்சாட்டுகள் இரண்டு. மணியடித்த என் தந்தையைக் காக்க வைத்தார். பிறகு அவரையே வேலை வாங்கினார். இரண்டும் உண்மை. இரண்டுக்காகவும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

3. மே 9: இனி அறை எண் வரிசைப்படியே கவனிக்க வேண்டும் என உத்தரவிடப்பட்டது. முதல் எண் என் தந்தைக்கு. அவருக்குக் காய்ச்சலே கிடையாது.

நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும். சக செவிலியர்கள் நோயில் விழுந்துவிட, அந்தத் தளம் முழுவதையும் இவர் ஒருவரே தாங்கினார். என் தந்தை ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். தேநீர் ஆறிவிட்டது, ஜன்னல் திறக்கவில்லை என்று ஓயாமல் மணியடித்தார். கதவருகே நின்றபடியே செவிலியர் கேட்டாராம்: "ஐயா, பஸ்ஸுல கூட்டம். யாருக்கு முதல்ல டிக்கெட் குடுப்பீங்க?" "அடுத்த ஸ்டாப்புல இறங்குறவனுக்கு," என்றிருக்கிறார் என் தந்தை. "அப்படித்தான் நானும் ஓடுறேன். ஆனா இங்க யாரையும் இறங்க விடக்கூடாது. நீங்க கடைசி சீட்டு, கொஞ்சம் உட்காருங்க."

அன்று மாலை தந்தை கோபத்தோடு என்னிடம் இதைச் சொன்னபோது, பல நாட்களுக்குப் பின் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவரைக் காக்க வைக்கலாம் என்று ஒருவர் துணிந்தால், அவர் நலமாக இருக்கிறார் என்றுதானே பொருள்.

மறுநாள் செவிலியர் அவருடைய கட்டிலைக் கண்ணாடிக் கதவோரம் நகர்த்தினார். எதிர் அறையில் பக்கவாதத்தால் பேச்சிழந்த தையல்காரர் ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. "அவருக்காக மட்டும் மணி அடிங்க. உங்களுக்குன்னா நானே வருவேன்," என்பது ஏற்பாடு. குற்றப்பத்திரிகை இதைத்தான் வேலை வாங்கியது என்கிறது.

ஒரு நண்பகலில் தையல்காரர் தலையணையிலிருந்து சரிந்தார், உதடுகள் கறுத்தன. என் தந்தை மணியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. செவிலியர் ஓடிவந்து அவரை நிமிர்த்தி ஆக்சிஜன் வைத்தார். தையல்காரர் பிழைத்தார். அன்று தந்தை தொலைபேசியில் சொன்னது: "டேய், இன்னிக்கு ஒருத்தரை இறங்க விடலைடா." ஓய்வுபெற்ற பிறகு அவர் குரலில் அப்படியொரு மிடுக்கை நான் கேட்டதில்லை. என் தந்தையின் உடலை மட்டுமல்ல, அவருடைய மனிதத்தன்மையையும் காப்பாற்றிக் கொடுத்த அந்த அம்மையாருக்கு என் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இப்போது தந்தையின் கட்டில் சுவரோரம் திரும்பிவிட்டது. அவர் மணியே அடிப்பதில்லை. "இப்பல்லாம் ரொம்ப அமைதியா இருக்காரு சார்," என்று மேலாளர் எனக்கு நற்செய்தி போலத் தெரிவித்தார். தையல்காரரைக் கவனிக்க அந்தப் பக்கத்தில் இன்று யாரும் இல்லை. தொற்றோ இன்னும் ஓயவில்லை.

ஆகவே நான் கோருவன: எங்கள் பெயரால் பதிவான புகாரை நீக்க வேண்டும். செவிலியரை உடனே அதே தளத்தில் பணியமர்த்த வேண்டும். எவரை முதலில் கவனிப்பது என்ற முடிவை எண் பலகையிடம் விடாமல் அவரிடமே விட வேண்டும். இந்த மனுவை எங்கள் நன்றியறிதலாக அவரது பணிப்பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

விசாரணை ஜூன் 22 அன்று நடைபெற உள்ளது. அது தேவை என்றே தாங்கள் கருதினால், என் தந்தையைச் சாட்சியாக அழையுங்கள். நிறையப் பேசுவார், அதற்கேற்ப நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விசாரணை நடத்துவதா, கைவிடுவதா என்ற தங்கள் முடிவு ஜூன் 18 மாலை ஐந்து மணிக்குள், காரணங்களுடன், எழுத்துமூலம் எனக்கு வந்து சேர வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் ஆறுதலைப் பதிலாக ஏற்க மாட்டேன்.

இடம்: இல்லத்தின் வரவேற்பறை
நாள்: ஜூன் 8

(ஒப்பம்)
புகார் தராத புகார்தாரர்