கிளி இல்லாத வாக்குச் சீட்டு

நைனா,

நேற்று திருப்பதி பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் செல்போனில் தெலுங்குச் செய்தி ஓடியது. எங்கோ ஒரு கட்சி உடைந்திருக்கிறது. ‘சீலிக’ என்றாள் செய்தி வாசித்த பெண். சீலிக என்றால் பிளவு. வடமாலபேட்டை தாண்டும் வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

ஆந்திர எல்லையில் இங்கே தமிழர்களுக்கென்று இருந்த ஒரே கட்சி, நம் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவை மூடச் சம்மதித்தது. அன்று நீ மாங்கூழ் ஆலையிலிருந்து கை கழுவாமல் நேராக அவர்கள் கூட்டத்துக்குப் போனாய். நான் வாசலில் நின்றேன்.

“உம் பொண்ணுதான் டிகிரி முடிச்சிட்டாளே, உனக்கு இன்னாபா போச்சு?” என்றார் தலைவர்.

“பையன் இனிமேதான் ஒண்ணாங்கிளாசு சேரணும்” என்றாய்.

அந்த வாரமே நீங்கள் சிலர் பிரிந்து புதுக் கட்சி தொடங்கினீர்கள். மண்டலத் தேர்தலில் நிற்க வேறு யாரும் துணியவில்லை, நீ நின்றாய். தையல் மிஷின் சின்னம் கிடைத்தது.

எதிராளிகள் “சீலிக பார்ட்டி” என்று மைக்கில் கேலி செய்தார்கள். நம் சனங்களின் காதில் அது ‘சிலுக’ என்று விழுந்தது. தெலுங்கில் கிளி. பாலசமுத்திரம் பக்கமெல்லாம் நீ கிளிக் கட்சிக்காரன் ஆனாய். திருத்தலாமா என்று கேட்டேன். “உடும்மா, பிளவுன்னு திட்டுறதுக்குக் கிளி மேலு” என்று சிரித்தாய்.

வாக்குப்பதிவு அன்று பெரியம்மா ஒருத்தி வெளியே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லா படத்தையும் பாத்துக்கினே வந்தேன்பா, கிளி மட்டும் காணல. வெளக்குதான் தெரிஞ்ச படம். அதுல குத்திட்டேன்.”

விளக்கு பழைய கட்சியின் சின்னம். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் கிளியைத்தான் தேடியிருந்தார்கள். நீ அவள் கையை விடாமல், “பரவால்ல பெரிம்மா” என்றாய்.

விளக்கு ஜெயித்தது. பள்ளி திறந்தபோது தமிழ்ப் பிரிவு இல்லை; தம்பியைத் தெலுங்குப் பிரிவில் சேர்த்தோம். உன்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பழைய கட்சிக்கே திரும்பினார்கள். “பொழைக்கணும்ல அண்ணா” என்றார் கடைசியாகப் போனவர். டீக்கடையில், “இன்னா கிளி, கூண்டுக்குள்ள அடஞ்சிட்டியா?” என்பார்கள். நீ அங்கே டீ குடிப்பதையே நிறுத்திவிட்டாய்.

அடுத்த மாம்பழ சீசனில் ஆலை வாசலில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சர்ச்சில் அடக்க ஆராதனையில் வாலிபர்கள் தமிழ்ப் பாட்டைச் செல்போனில் தெலுங்கு எழுத்தில் பார்த்துப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள்.

கல்லறைக் கல்லில் உன் பெயரை எந்த மொழியில் வெட்டுவது என்று கொத்தனார் கேட்டபோது பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தனை பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லாத நான், “தமிழ்ல” என்றேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மாவையும் தம்பியையும் கல்லறைக்கு அழைத்துப் போனேன். தம்பி கல்லை மேலும் கீழும் பார்த்தான். “இதுல நைனா பேரு எங்கக்கா இருக்குது?”

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்தே தெரியாது. நான் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். நம் வீட்டில் உன் பெயரைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நைனா.