அம்சா சொல்லாத வரி

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. பால் வாங்கப் போனதில் குடைக்கம்பி ஒன்று உடைந்தது. மாலைக்குள் கடைசிப் பக்கத்துக்குப் பாட்டு கொடுக்க வேண்டும்.

வேலைகள்: ஓடைத்தெரு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ். செந்திலுக்கு இருமல் மருந்து. துணி (காயாது).

எங்கள் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்னுடையது. அந்த வாரத்துச் செய்தி ஒன்றைக் கவிதையாக எழுதுவேன். ஆட்கள் பேசியதை எடுத்து வரிவரியாக உடைத்துப் போடுவது. 'செய்திப்பாட்டு' என்று தலைப்பு, 'கரையாள்' என்று புனைபெயர். அது நான்தான் என்பது ஆசிரியருக்கும் என் வீட்டுக்காரர் செந்திலுக்கும் மட்டும் தெரியும். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை வாசலில் இலவசமாகப் போடுகிற பத்திரிகை. ஒருமுறை ரயிலில் ஒருவர் வடை மடித்து வைத்திருந்தார். என் பக்கம்தான்.

இந்த வாரச் செய்தி எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னாலேயே. சனிக்கிழமை எங்கள் அடுக்ககச் சங்கம் தெருக்கோடியில் இடுப்பளவுச் சுவர் ஒன்று எழுப்பியது. மழைக்கு ஓடைத் தண்ணீர் கார் நிறுத்துமிடத்துக்குள் வந்துவிடுகிறது, அதைத் தடுக்க. தடுத்துவிட்டது. தண்ணீர் இப்போது சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைத்தெருவில், முழங்கால் வரை.

பத்து மணிக்குப் போனேன். அம்சா வாசலில் குனிந்து சட்டியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். சங்கச் செயலர் வரதன் வீடும் அதில் ஒன்று. சொன்னவை, குறிப்பேட்டில் உள்ளபடி:

"செவுரு கட்னா தண்ணி எங்க போவும்? எங்க ஊட்டுக்குத்தான் வரும்."

"அரிசி டப்பாவ கட்டில் மேல வச்சிகீறேன். கட்டிலே மெதக்குது."

"அவுங்க ஊட்டுத் தரைய தொடச்சிட்டு வந்து எங்க ஊட்டுத் தண்ணிய எறைக்கிறேன். ரெண்டும் ஒரே இடுப்புதான்."

அம்சாவும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்ச். அவள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் பிறந்தவள் நான். அப்பா முதலில் ஏரிக்கரை வயல்களில் கூலி, அப்புறம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவரும் அம்மாவும் போனபின் அந்த வீடும் போயிற்று. அடுக்ககத்தில் இது யாருக்கும் தெரியாது. செந்திலுக்குச் சேலம். நானும் சேலம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. நாங்கள் குடிவந்த இந்த நாலு வருஷமாக அம்சாவும் யாரிடமும் மூச்சு விடவில்லை. லிப்டில் பார்த்தால் 'மேடம்' என்பாள்.

மாலை நாலரை. பாட்டு முடியவில்லை. எல்லா வரியும் புலம்பலாகவே நின்றது. கடைசியில் ஒரு தள்ளு வேண்டும். நானே ஒரு வரி எழுதி அவள் பேச்சோடு சேர்த்தேன். மேற்கோள் குறிக்குள். படித்துப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டு விட்டு. பத்திரிகை வந்தது. வெட்டி இங்கே ஒட்டியிருக்கிறேன்.

செவுரு கட்னா
தண்ணி எங்க போவும்,
கேட்கிறாள்
மூன்று வீட்டுத் தரை துடைக்கும் ஒருத்தி.
இடது முழங்கையில்
குக்கர் ஆவி சுட்ட தழும்பு.
அரிசி டப்பா கட்டில் மேல்,
கட்டில் தண்ணீர் மேல்,
தண்ணீர் யார் மேல்?
"ஒரு நாள் இந்தச் செவுர
நாங்களே தள்ளிடுவோம்."

பதினொரு மணிக்கு அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் யாரோ படமெடுத்துப் போட்டார்கள். மூன்றாம் மாடி ஐ.டி. பையன் நாலு கைதட்டல் போட்டான். ஒருவர், 'இது நம்ம அபார்ட்மென்ட்டா?' இன்னொருவர், 'யாருங்க இந்தக் கரையாள், நம்ம சுவரைப் பத்தி இவ்ளோ தெரியுது?' அதற்குக் கீழே இரண்டாம் மாடி அம்மா: 'மூணு வீடு, கைல தழும்பு. நம்ம அம்சாதானே.'

பெயர் போடவில்லை, ஆகவே பத்திரம் என்று நினைத்திருந்தேன். தழும்பை ஏன் எழுதினேன்? வரி நன்றாக வந்தது. அவ்வளவுதான் காரணம்.

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

நவம்பர் 7, வெள்ளி

சுவர் விழுந்துவிட்டது.

விடிகாலையில் கனமழை. ஆறு மணிக்கு வாட்ச்மேன் விசில். இறங்கிப் பார்த்தால் சுவரின் நடுவில் இரண்டு கதவு அகலத்துக்கு இடைவெளி. கற்கள் எங்கள் பக்கம் சரிந்து கிடக்கின்றன. கார்களுக்கடியில் கணுக்கால் தண்ணீர்.

வரதன் சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வீடு தரைத்தளம். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. போன மழையில் மெத்தை வரைக்கும் தண்ணீர் ஏறி, இரண்டு பேர் அந்த அம்மாவைப் போர்வையோடு தூக்கி மேலே கொண்டுபோனார்கள். செந்தில் ஒரு பக்கம் பிடித்தார். அன்று வரதன் சார் படியில் உட்கார்ந்து அழுதார். சுவர் அவர் யோசனை.

இன்று அழவில்லை, கத்தவும் இல்லை. கையில் எங்கள் பத்திரிகை. "சொல்லிட்டுத்தான் செஞ்சிருக்காங்க" என்றார், பக்கத்தில் நின்ற என்னிடம். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மதியம் போலீஸில் புகார். என் பாட்டை வெட்டி மனுவோடு இணைத்திருக்கிறாராம்.

நவம்பர் 8, சனி

வானம் வெளுக்கவில்லை.

ஓடைத்தெரு ஆட்களை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. இஸ்திரி வண்டிக்காரரிடம் சட்டை வாங்கப் போனபோது அவரே ஆரம்பித்தார். "அம்சாவ ஸ்டேஷன்ல கூட்டிகினு போயி குந்த வச்சிட்டாங்கம்மா, மூணு மணி நேரம். யாருகிட்ட சொன்ன, யாரு எழுதுனதுன்னு கேட்டா, தெரியாது சார்னே சொல்லிகினு கீறாளாம். பாவம்."

தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். எதிரில் நின்று குறிப்பெடுத்தவள் நான்.

ஆசிரியருக்குப் போன். "போலீஸ்ல இருந்து கேட்டா பேர சொல்லிடுவேம்மா. மறைக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றார். கோபம் வரவில்லை. அவருக்கும் பயம்.

செந்தில்: "இப்ப நீ வாயத் திறந்தா ரெண்டு விஷயம் வெளிய வரும் ராணி. எழுதுனது நீன்னு. எங்க பொறந்தவன்னு."

"அதுல உனக்கு எது பயம்?"

டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு எதெது பயம்? எழுதிப் பார்க்கிறேன்.
- காலிங் பெல்.
- அம்சா என் பெயரைச் சொல்வது.
- அம்சா என் பெயரைச் சொல்லாமலே இருப்பது.
- லிப்டில் கண்ணாடி.

நவம்பர் 9, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். ஈரத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். கொசு.

வரதன் சார் என் பாட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். குரல் நல்ல குரல். 'தண்ணீர் யார் மேல்?' என்ற இடத்தில் அவரே ஒரு கணம் நின்றார். பின்வரிசையில் யாரோ, "நல்லாத்தான் எழுதிருக்காங்க" என்றதும் சிரிப்பு. கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஓடைத்தெருவிலிருந்து வேலைக்கு யாரையும் சேர்ப்பதில்லை என்று தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கையும் மடியில், ஒன்றையொன்று பிடித்தபடி. தூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை.

பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் சாய்ந்து, "உங்க சேலத்துல எல்லாம் இந்த மாதிரி ஆளுங்க தொல்லை இருக்காது இல்ல?" என்றாள்.

"இல்லீங்க" என்றேன்.

எழுதும்போது கை கூசுகிறது. இதைக் கிழிக்கக் கூடாது. இருக்கட்டும்.

நவம்பர் 10, திங்கள்

லேசான வெயில். செந்தில் ஆபீஸ் போனதும் முன்வாசல் வழியாக வெளியே போய், பெரிய சாலை சுற்றி ஓடைத்தெரு. இடைவெளி வழியாகப் போனால் இரண்டு நிமிஷம். யாராவது பார்ப்பார்கள் என்று பயம்.

தண்ணீர் வடிந்துவிட்டது. வாசலெல்லாம் சேறு. அம்சா ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "உள்ள வா. வெளிய நிக்காத, யாராச்சும் போட்டோ எடுத்து உட்ருவாங்க" என்றாள். என்னைக் காப்பாற்றுவதிலேயே இருக்கிறாள்.

டீ போட எழுந்தாள். வேண்டாம் என்றேன். போட்டாள்.

"எம் பொண்ணு படிச்சி காட்னா" என்றாள். "அரிசி டப்பா கட்டில் மேலன்னு வந்துச்சே, அங்க அழுதுட்டேன். நம்ம பேச்ச இவ்ளோ அழகா எழுதிகீறாளேன்னு. கடசில வந்துச்சி பாரு ஒண்ணு. அத நான் சொல்லவே இல்லியே ராணி."

"சொல்லல."

"நெனச்சிகூட பாக்கல. செவுத்தாண்ட போவவே எனக்கு பயம். நீ ஏன் அத நான் சொன்ன மாரி எழுதுன?"

பாட்டுக்கு முடிவு தேவைப்பட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உனக்கு அவ்ளோ கோவம்னா உம் பேருல சொல்லிக்கலாம்ல" என்றாள். சத்தமே போடவில்லை. "நாளைக்கு திரும்பி வர சொல்லிகீறாங்க. எம் பொண்ணுக்கு அரைப் பரீட்ச வருது. அம்மா ஸ்டேஷனுக்குப் போனவன்னு பள்ளிக்கூடத்துல பேசறாங்களாம்."

டீயில் சர்க்கரை அதிகம். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 11, செவ்வாய்

மூடிய வானம்.

ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று செந்திலிடம் சொல்லிவிட்டேன். ஷூவுக்கு லேஸ் கட்டினார். "நானும் வரணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வந்திருக்கலாம்.

ஸ்டேஷனில் அம்சா பெஞ்சின் ஓரத்தில். எதிரே நாற்காலியில் வரதன் சார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி. சங்கத்தின் சார்பில் துணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நேரே எஸ்.ஐ. மேசைக்குப் போனேன். என் வயதுக்காரி. குறிப்பேட்டையும் பத்திரிகையையும் வைத்து, "அந்தக் கடைசி வரி இவங்க சொன்னது இல்ல மேடம். நான் எழுதினது" என்றேன். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் சத்தம் வந்தது.

குறிப்பேட்டை நிதானமாகப் படித்தார். பாட்டையும் படித்தார்.

"இது செய்தியா, கவிதையா?"

"ரெண்டும் மேடம்."

"அப்ப நான் எத நம்பறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"காலைல நானே போய் பாத்துட்டு வந்தேன்" என்றார் அவர். "கல்லுல கடப்பாறை பட்ட தடயமே இல்ல. அஸ்திவாரம் போடாம கட்டிருக்காங்க, தண்ணி தள்ளிருக்கு. இந்த ஒரு வரி இல்லன்னா இது வெறும் விழுந்த செவுரு. இவங்கள ரெண்டு நாள் உக்கார வச்சது இந்த வரிதான்."

வாக்குமூலத்துக்குப் பேப்பர் எடுத்தார். பெயர். வயது. தற்போதைய முகவரி. "சொந்த ஊரு?"

பின்னால் வரதன் சார் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பவில்லை.

"இங்கதான் மேடம். திருமுல்லைவாயில், ஓடைத்தெரு."

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். அவருக்கு அது ஒரு முகவரி.

வெளியே வந்ததும் வரதன் சார் என் முன்னால் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்க வீட்டம்மாவத் தூக்கினப்ப நீங்களும்தானே மாடில படுக்கை விரிச்சீங்க" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அம்சா ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நான் வேறு ஆட்டோ.

நவம்பர் 13, வியாழன்

தூறல். பத்திரிகையில் திருத்தம் வந்தது. கடைசிப் பக்கத்தில், பாட்டு வரும் இடத்தில். முதல் தடவையாக என் பெயரில்.

'சென்ற வாரச் செய்திப்பாட்டின் கடைசி வரியை அதில் வரும் பெண் சொல்லவில்லை. அது நான் எழுதியது. அவர் யாரையும் மிரட்டவில்லை. தவறு என்னுடையது. – ம. ராணி, ஓடைத்தெருவில் பிறந்தவள்.'

நாலு தடவை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அழகான ஒரு சொல் வந்து உட்காரும், அதை எடுப்பேன்.

பிறகு நடந்தவை: குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஐ.டி. பையன் தனியாக, 'தைரியம் அக்கா' என்று அனுப்பினான். நேரில் பார்த்தபோது போனைப் பார்த்தபடி போனான். யார் அனுப்பினார்களோ, சேலத்திலிருந்து மாமியார் செந்திலுக்குப் போன். "இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்னு சொல்லு" என்றது எனக்கே கேட்டது. செந்தில், "தெரிஞ்சா தெரியட்டும்மா" என்றார். போனை வைத்தபின் அவருக்கு வியர்த்திருந்தது.

அம்சா மேல் புகார் இல்லை. இரண்டாம் மாடி வீடு அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. மற்ற இரண்டும் கூப்பிடவில்லை. வரதன் சார் வீட்டில் அவர் மனைவிக்கு உடம்பு துடைத்துவிட இப்போது ஆளில்லை.

மீண்டும் கனமழை என்று அறிவிப்பு.

நவம்பர் 14, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். கொத்தனார், சித்தாள் ஒருத்தி, சிமென்ட் மூட்டை. இடைவெளியை அடைக்கிறார்கள்.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். என்ன செய்யப் போகிறேன் என்று படியில் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. போய் அந்த இடைவெளியில் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளிக்கமா" என்றார் கொத்தனார்.

தள்ளவில்லை. அவர் வரதன் சார் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மேலே பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஓடைத்தெருப் பக்கம் அம்சா வந்தாள், கையில் குடம். வா என்று நான் கூப்பிடவில்லை. அவள் குடத்தை இறக்கிவைத்து, கொஞ்ச தூரத்திலேயே நின்றாள். அப்புறம் இன்னும் இரண்டு பெண்கள்.

கலந்த சிமென்ட் இறுகத் தொடங்கியது. "நான் இன்னா பண்ணட்டும், எனக்கு வேலன்னு சொன்னாங்க" என்றார் கொத்தனார், சித்தாளிடம். பதினொன்றரைக்கு மழை பிடித்தது. அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

நனைந்து வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாகிறது.

கொத்தனார் நாளைக்கு ஏழு மணிக்கே வருவாராம்.